இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு

சிம்பாங் பூலாய், கோப்பேங், லஹாட், மெங்லெம்பு, பத்து காஜா வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலும் கல்குவாரிகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,



வேலை போனவர்களுக்கு ஆறுதல் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதனால் இந்த மடலை அவர்களுக்கு எழுதவில்லை. இன்னும் வேலையில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஆட்குறைப்பில் முதல் சுற்று வந்தது, தப்பித்தீர்கள். இரண்டாவது சுற்றிலும் உங்கள் பெயர் வரவில்லை. இப்போது ஓவர்டைம் நின்றுவிட்டது. ஷிப்ட் மாறிவிட்டது. பக்கத்து மெஷினில் நின்றவர் இல்லை, அவர் வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் பேச யாரும் வருவதில்லை. "உனக்குத்தான் வேலை இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வேலை போன பிறகு ஒருவர் கைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதில் முக்கால்வாசி அவர் வேலையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார், எந்தச் சீட்டை எடுத்து வைத்தார், எந்தப் பிடித்தத்தைக் கவனிக்காமல் விட்டார் என்பதெல்லாம் கடைசி நாளுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கடிதம் கைக்கு வந்த பிறகு என்னைத் தேடி வந்தவர்களிடம், "இதை மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்கக்கூடாதா" என்று பலமுறை சொல்ல வேண்டியதாகிவிட்டது. இனியும் அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் இப்போதே சொல்கிறேன்.

முதலில், நமக்குள் இருக்கும் வெட்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நம் தாமான்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வேலை போனவர் காலையில் வழக்கமான நேரத்துக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், அக்கம்பக்கத்தார் பார்க்க வேண்டும் என்பதற்காக. கோவில் திருவிழாவில் யாராவது "எங்கே வேலை?" என்று கேட்டால் பழைய கம்பெனியின் பெயரையே சொல்கிறார். நீங்களும் அவரைப் பார்க்கும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு நகர்கிறீர்கள். ஏதோ அவர் செய்த குற்றத்துக்கு வந்த தண்டனை போல எல்லாரும் நடந்துகொள்கிறோம். சிப் சந்தை உலகம் முழுவதும் இறங்கினால் இங்கே ஒரு லைன் மூடப்படுகிறது. கையுறை விலை விழுந்தால் ஆலையில் பாதி விளக்குகள் அணைகின்றன. இதில் அந்த மனிதரின் குற்றம் எங்கே இருக்கிறது?

இந்த வெட்கம் நமக்குப் பரம்பரையாக வந்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் வேலை இல்லை என்றால் இடமே இல்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை படுத்தபோது, இந்த நாட்டுத் தோட்டங்களில் உழைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய வேலையில்லாதோர் உதவி என்பது கப்பல் டிக்கெட்தான். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது தோட்டத் துண்டாடல் வந்தது. வேலையோடு லயத்து வீடும் போனது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களிடம் பெர்மிட் கேட்டது. நீலக் கார்டு இல்லாத ஆயிரக்கணக்கானோர் மறுபடியும் கப்பல் ஏறினார்கள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை உடைந்தபோது இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அதன் பிறகு மிச்சமிருந்த பால்மரங்களும் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் வாயைத் திறக்காமல் மூட்டையைக் கட்டினார்கள். கேட்பதற்கு அன்று எதுவும் இல்லை. கேட்காமல் போவதே மானம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று கேட்பதற்கு இருக்கிறது. அது யாரும் தூக்கிக் கொடுத்த பிச்சையும் இல்லை. 1998 நெருக்கடியில் ஆலைகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக நிறுத்தியபோது, வேலை இழந்தோருக்கு ஒரு நிதி வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் குரல் கொடுத்தது. முதலாளிகள் தரப்பு எதிர்த்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இழுத்தடித்து, 2017இல்தான் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம் நிறைவேறியது. இரு தரப்பும் சம்பளத்தில் 0.5 விழுக்காடு கட்டட்டும் என்று முதலில் இருந்ததை, எதிர்ப்புக்குப் பணிந்து 0.2 ஆகக் குறைத்தார்கள். 2018 ஜனவரியில் பிடித்தம் தொடங்கியது. 2019 ஜனவரியிலிருந்து முழுப் பலன்களும் நடைமுறைக்கு வந்தன.

உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். இ.பி.எஃப். பிடித்தம், சொக்சோ பிடித்தம், அதற்குக் கீழே எஸ்.ஐ.பி. அல்லது இ.ஐ.எஸ். என்று ஒரு சிறு வரி இருக்கும். 2,000 வெள்ளி சம்பளம் என்றால் அதில் ஏறக்குறைய 4 வெள்ளி இருக்கும். அதே அளவு முதலாளியும் உங்கள் பெயரில் கட்ட வேண்டும். கோப்பிக்கடையில் ஒரு தேத்தண்ணி, ஒரு ரொட்டி சானாய்க்குக் கொடுக்கும் காசுதானே என்று அந்த வரியை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆனால் அதற்கு எதிரே நிற்கும் தொகையைப் பாருங்கள். ஆட்குறைப்பில் வேலை போனால் சொக்சோ எனப்படும் பெர்கேசோ தரும் வேலை தேடும் உதவித்தொகை, முதல் மாதம் உங்கள் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. அதே 2,000 வெள்ளிச் சம்பளக்காரருக்கு முதல் மாதம் சுமார் 1,600 வெள்ளி. ஆறு மாதமும் கிடைத்தால் கிட்டத்தட்ட 5,400 வெள்ளி. நீங்கள் எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எத்தனை மாதம் கிடைக்கும் என்பது அமையும், அதிகபட்சம் ஆறு. கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரிலிருந்து 6,000 வெள்ளி.

இடையில் புது வேலை கிடைத்துவிட்டால் மீதிப் பணம் போய்விடுமே என்று வேலையைத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. தள்ளிப் போடாதீர்கள். சீக்கிரம் வேலையில் சேர்கிறவருக்கு, பெறாமல் விட்ட மீதித் தொகையில் 25 விழுக்காடு ஒரே தவணையாக உண்டு. மேலே சொன்ன ஆள் இரண்டு மாதம் வாங்கிவிட்டு மூன்றாம் மாதம் வேலையில் சேர்ந்தால், மீதி 2,800 வெள்ளியில் 700 வெள்ளி கிடைக்கும். வேறு தொழில் கற்றுக்கொள்ளப் போனால் பயிற்சிக் கட்டணத்தில் 4,000 வெள்ளி வரை அதே திட்டம் ஏற்கிறது.

இதெல்லாம் இருந்தும் நம்மில் பலர் ஒரு காசும் வாங்காமல் போகிறார்கள். அதற்கான முதல் காரணத்தை நான் நேரிலேயே பார்த்தேன். எங்கள் தாமானில் ஓர் அக்கா. பதினோரு வருடம் ஒரே தொழிற்சாலையில் நுண்ணோக்கிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தவர். மூன்றாவது சுற்றில் அவரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் ஒரு தாள், அதன்மேல் ஒரு பேனா. தாளில் இரண்டே வரி, மலாயில். சொந்தக் காரணங்களுக்காக நானே விரும்பி வேலையை விட்டு விலகுகிறேன் என்று. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் கோடு விட்டிருந்தது. "நீங்களாக விலகினால் நல்ல சான்றிதழ் கொடுப்போம், ஒரு மாதச் சம்பளமும் சேர்த்துத் தருவோம். நாங்கள் நிறுத்தினால் அடுத்த கம்பெனியில் கேள்வி கேட்பார்கள்" என்று பக்குவமாகப் பேசியிருக்கிறார்கள். யாரும் மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. வெளியே இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த இரண்டு வரிக்கு அவர் கொடுத்த விலையைக் கேளுங்கள். சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு வேலைக் காப்புறுதித் தொகை இல்லை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத தொழிலாளிக்கு, வேலைச் சட்டத்தின் 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் பணிநிறுத்த இழப்பீடு கொடுக்கின்றன: ஒரு வருடம் முடித்து இரண்டு வருடத்துக்குள் இருந்தால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். பதினோரு வருடத்துக்கு 220 நாள் சம்பளம். தானாக விலகியவருக்கு அதுவும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால் 8 வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும், இல்லையென்றால் அதற்கான பணம். தானாக விலகினால் அந்தக் கடமையும் அவர் தலைக்கு மாறிவிடும். ஒரு மாதச் சம்பளத்தையும் ஒரு சான்றிதழையும் காட்டி இவ்வளவையும் வாங்கிக்கொண்டார்கள். ஆட்குறைப்பில் போவது களங்கம் என்று அக்கா நம்பியதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. வெட்கத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, அந்த அறைக்குள் கூப்பிட்டால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்." இதைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கம்பெனியே அறிவிக்கும் வி.எஸ்.எஸ். என்ற விருப்ப விலகல் திட்டத்தில் போவது வேறு. அது வேலை இழப்பாகவே கணக்கில் வரும், உதவித்தொகையும் உண்டு. வெறும் ராஜினாமாக் கடிதத்தில் அது இல்லை. தாளில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். மலாய் புரியவில்லை என்றால் பிள்ளையிடம் காட்டுங்கள், கோவில் செயலாளரிடம் காட்டுங்கள், என்னிடம் கொண்டு வாருங்கள்.

நிரந்தர வேலையிலிருந்து உங்களை ஒப்பந்த வேலைக்கு மாற்றும் தாளும் அதே மாதிரிதான். சம்பளம் குறையாது, வேலை அதேதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்போம் என்பார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போனால் அது வேலை இழப்பு என்று இந்தத் திட்டம் ஏற்பதில்லை. பிடித்தம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். அதே இருக்கையில் வருடக்கணக்காக உட்கார்ந்தவரிடம், உன் வேலை போகவில்லை, காலம்தான் முடிந்தது என்று சொல்வது நியாயமா? இதைத் திருத்தச் சொல்லி நாம் கேட்கத்தான் வேண்டும். திருத்தும் வரை, அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நூறு முறை யோசியுங்கள்.

அடுத்தது இரண்டு வேலை பார்க்கும் உங்களுக்கு. பகலில் ஆலை, இரவில் பெட்ரோல் நிலையம் அல்லது மினிமார்க்கெட் என்று இப்போது நம் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள். ஓவர்டைம் நின்றதிலிருந்து வேறு வழியும் இல்லை. இரண்டில் ஒன்று போனால் என்ன செய்வது? "இன்னொரு வேலைதான் இருக்கிறதே, எனக்கு என்ன கொடுக்கப் போகிறார்கள்" என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியில்லை. இரு வேலைகளுக்கும் சந்தா கட்டிய ஒருவர் அதில் ஒன்றை இழந்தால், மற்ற வேலையில் இருந்துகொண்டே குறைந்த வருமான உதவித்தொகை கேட்கலாம். மலாயில் அதை 'எலாவுன் பெண்டாபாத்தான் பெர்குராங்கான்' என்பார்கள். போன வேலையின் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டு, ஒரே தவணையில் கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர், ஆலை வேலையோடு மாலையில் ஒரு கடையில் நாலு வருடம் கல்லாவில் நின்றவர். கடையில் ஆள் குறைத்தபோது முறையாகக் கடிதமும் கொடுத்தார்கள், சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். இப்படி ஓர் உதவி இருப்பது அவருக்குத் தெரியாது. கார் தவணை இரண்டு மாதம் தள்ளிப் போன பிறகுதான் என்னிடம் பேச்செடுத்தார். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. சொல்ல ஓர் ஆள் மட்டும்தான் இல்லை. உங்களில் யாருக்கும் இது மறுபடி நடக்கக்கூடாது. அந்த 60 நாளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்று தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடுவதற்கும் 1967ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கெடு அதே 60 நாள்தான்.

இங்கே இன்னொரு விஷயம். மாலை வேலையில் "சந்தா வேண்டாம், கையில் காசு வாங்கிக்கொள்" என்று சொன்னால் நாம் சந்தோஷப்படுகிறோம். பிடித்தம் இல்லாமல் நாலு வெள்ளி கூட வருகிறது என்கிறோம். அடுத்தடுத்து ஆட்குறைப்பு வரும் காலத்தில் அந்த நாலு வெள்ளி மிகப் பெரிய நஷ்டம். சந்தா இல்லாத வேலை போனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருமுறை உதவித்தொகை வாங்கியவர் மறுபடியும் வேலை இழந்து கேட்கப் போனால், சந்தா கட்டிய மாதங்களை மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டு நிரந்தர வேலைகளுக்கு நடுவே கையில் காசு வாங்கிய மாதங்கள் அப்போது வெறும் இடைவெளியாக நிற்கும். முதலாளி சம்பளத்தில் பிடித்துவிட்டுப் பெர்கேசோவில் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. உங்கள் பெயரில் பணம் போயிருக்கிறதா என்பதை இணையத்திலும் பார்க்கலாம், ஈப்போவில் உள்ள பெர்கேசோ அலுவலகத்திலும் கேட்கலாம். வேலையில் இருக்கும்போதே பாருங்கள். கம்பெனி மூடிய பிறகு யாரைப் பிடித்துக் கேட்பீர்கள்?

வேலை போகவும் இல்லை, முழுதாக இருக்கவும் இல்லை என்று நடுவில் நிற்பவர்களின் நிலைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்கிறார்கள். ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்கிறார்கள். ஒரே வேலை பார்க்கும் ஒருவருக்கு நாள் குறைந்தால் வேலைக் காப்புறுதித் திட்டம் ஒன்றும் தருவதில்லை. தர முடியாது என்றும் இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவர்களுக்கு மாதம் 600 வெள்ளி என்று இதே பெர்கேசோ கொடுத்தது. வேலை உறவு அறுபடாமலேயே உதவி போய்ச் சேர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் முடிந்தது, ஆர்டர் இல்லாத காலத்தில் ஏன் முடியாது? இந்தக் கேள்வியை நம் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அதுவரை, நாள்களை எண்ணி வையுங்கள். வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்ற முறையில் இருப்பவருக்கு, தொடர்ந்து நாலு வாரத்தில் மொத்தம் 12 வேலை நாள்களாவது வேலை கொடுக்காமல், அந்த நாள்களுக்குச் சம்பளமும் தராமல் இருந்தால், அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததாகவே 1980 விதிமுறைகள் கருதுகின்றன; ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்திருந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை பிறக்கிறது. அந்தக் காலத்தில் கங்காணி பெரட்டுக் களத்தில் பேர் போட்டார். இன்று உங்கள் பேரை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். சமையலறை நாள்காட்டியில் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு வட்டம், திருப்பி அனுப்பிய நாளுக்கு ஒரு கோடு. "நாளைக்கு வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். தொழிலாளர் இலாகாவில் போய் நிற்கும்போது வாய்ப்பேச்சு எடுபடாது, அந்த நாள்காட்டியும் செய்தியும்தான் பேசும்.

வீட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து இ.பி.எஃப். மூன்றாம் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்று ஆனதிலிருந்து, வேலையில் சிறு ஆட்டம் கண்டதும் நம்மவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். அது உங்கள் முதுமைக்கான பணம். காப்புறுதிப் பணம் இருக்கும்போது அதை ஏன் முதலில் உடைக்கிறீர்கள்? முதலில் 60 நாள் கெடு உள்ளதைக் கேளுங்கள். கெடு இல்லாதது காத்திருக்கும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறவிடும் முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனைக்கு ஒரு காசும் வாங்குவதில்லை. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் வட்டிக்காரன் நம்பரைக் கூப்பிட்டு, அதன் பிறகு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட வீடுகளை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்த நம்பரைக் கூப்பிடும் முன்பு ஏ.கே.பி.கே.யின் வாசலைத் தட்டுங்கள்.

நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிகளைப் பற்றி நாம் பேசும் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் குறைக்க வேண்டி வந்தால் அதே வேலையில் உள்ள வெளிநாட்டவரை முதலில் நிறுத்திய பிறகே உள்நாட்டவரைத் தொட வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. அந்த வரிசையை முதலாளி மீறினால் முதலாளியைக் கேளுங்கள். அந்தப் பையன்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்களுக்கு வேலைக் காப்புறுதியும் கிடையாது. நிறுத்தினால் விமானம் ஏற்றிவிடுவார்கள். நம் தாத்தாக்களுக்கு நடந்தது அவர்களுக்கு இன்றும் நடக்கிறது. இதை மறந்துவிட்டுப் பேச நமக்கு உரிமை இல்லை.

தனி ஆளாக அந்த அறைக்குள் போகிறவர் எவ்வளவு விவரம் தெரிந்தவராக இருந்தாலும் கை நடுங்கும். உங்கள் ஆலையில் சங்கம் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். மின்னணுத் தொழிலாளர்களுக்கு இந்த நாட்டில் வெகுகாலம் தொழில்துறைச் சங்கமே வைக்க விடவில்லை. 2009க்குப் பிறகுதான் வட்டார அளவில் அனுமதி கிடைத்தது. 2024 செப்டம்பரில் தொழிற்சங்கச் சட்டமும் தளர்ந்திருக்கிறது. ஒன்றுசேர்ந்தால் முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்படும் தோட்டங்களை வாங்கத் தோட்டத் தொழிலாளிகளிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டினார். கூலிக்காரனால் தோட்டம் வாங்க முடியுமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். வாங்கிக் காட்டினார்கள். உங்கள் சீட்டில் இருக்கும் அந்த 4 வெள்ளியும் அதே வகையைச் சேர்ந்தது. எல்லாரும் போட்டு வைத்த பணத்தில், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்கிறார். எடுப்பவர் தலைகுனிய வேண்டியதில்லை.

இனி நான் உங்களிடம் கேட்பது.

இன்றிரவு உங்கள் சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து, வேலை நியமனக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ கணவருக்கோ காட்டுங்கள். இந்த மாதத்துக்குள் பெர்கேசோவில் உங்கள் சந்தாக் கணக்கைச் சரிபாருங்கள். எந்தத் தாளையும் நீட்டிய இடத்திலேயே கையெழுத்திட்டுக் கொடுப்பதில்லை என்று இன்றே உங்கள் லைனில் உள்ளவர்களோடு பேசி முடிவெடுங்கள். ஒருவர் மறுத்தால் அடம் என்பார்கள், ஒரு லைனே மறுத்தால் மரியாதையாகப் பேசுவார்கள்.

கோவில் நிர்வாகத்தில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், இளைஞர் மணிமன்றத்தில் பொறுப்பில் இருக்கும் உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். கணினி தெரிந்த இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள். மை ஃபியூச்சர் ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில் பதிவது, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, கடிதத்தைப் படித்துச் சொல்வது என்று இவ்வளவும் அவர்களுக்கு அரை மணி நேர வேலை. அன்னதானத்துக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை.

கடைசியாக, உங்கள் கைப்பேசியில் முந்தைய சுற்றுகளில் போனவர்களின் எண்கள் இருக்கின்றன. என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டீர்கள். இப்போது பேச விஷயம் இருக்கிறது. வேலை போய் எத்தனை நாள் ஆயிற்று, விண்ணப்பம் போட்டாயா என்று கேளுங்கள். 60 நாளுக்குள் இருந்தால், உங்கள் அடுத்த ஓய்வு நாளில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஈப்போ பெர்கேசோ அலுவலகத்துக்குப் போங்கள். பணிநிறுத்தக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாளக் கார்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். எண் வந்து அவர் கவுண்டருக்குப் போகும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள். அடுத்த சுற்றில் உங்கள் பெயர் வந்தால், உங்களோடு வந்து உட்கார அவர் இருப்பார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
சிம்பாங் பூலாய்.